ஊரடங்கு வழக்கு, இ-பாஸ், நின்றுபோன கூலி: எல்லையோரத் தொழிலாளர்களுக்குப் பதில்கள்

களியக்காவிளையில் பிளம்பர் வேலை செய்கிறேன். 2020 ஏப்ரலில் ஒரு வீட்டில் பைப் உடைந்துவிட்டதென்று கூப்பிட்டார்கள். போகும் வழியில் பைக்கை நிறுத்தி வழக்குப் போட்டார்கள். இப்போது கத்தார் வேலைக்குப் போலீஸ் சான்றிதழ் கேட்கிறார்கள். அந்த வழக்கு இன்னும் இருக்குமா?

இருக்கலாம். 2021 பிப்ரவரி 19 அன்று கடையநல்லூர் கூட்டத்தில் அப்போதைய முதல்வர் பழனிசாமி, ஊரடங்கை மீறியதாகப் பதிவான சுமார் 10 லட்சம் வழக்குகள் திரும்பப் பெறப்படும் என்று அறிவித்தார். அதைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிட்டவர்கள் பலர். ஆனால் அறிவிப்பு மட்டுமே கோப்பை மூடிவிடாது. விசாரணை நிலையில் இருந்த வழக்கென்றால், மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று போலீசார் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இறுதி அறிக்கை கொடுத்திருக்க வேண்டும். கோர்ட்டுக்கு வந்துவிட்ட வழக்கென்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 321-ஆம் பிரிவின்படி அரசு வழக்கறிஞர் மனுப் போட்டு, கோர்ட் சம்மதித்திருக்க வேண்டும். இரண்டும் நடக்காத வழக்கு போலீஸ் கம்ப்யூட்டரில் இன்னும் நிலுவையாகத்தான் காட்டும்.

முதலில் எஃப்.ஐ.ஆர். எண், ஆண்டு, ஸ்டேஷன் பெயர் மூன்றையும் கண்டுபிடியுங்கள். பைக்கைத் திருப்பிக் கொடுத்தபோது தந்த சீட்டில் பெரும்பாலும் எண் இருக்கும். தமிழ்நாடு போலீசின் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். நகலைத் தேடலாம். கோர்ட் வழக்குகளின் நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், எஃப்.ஐ.ஆர். எண் கொடுத்தால், கோர்ட்டில் எண் விழுந்திருக்கிறதா என்று தெரியும். விழுந்து முடிந்திருந்தால் நகல் மனுப் போட்டு உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். எண்ணே இல்லையென்றால் ஸ்டேஷன் ரைட்டரிடம் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் (வழக்கை மேலே நடத்தாமல் முடித்ததாகப் போலீஸ் தரும் அறிவிப்பு) அல்லது இறுதி அறிக்கையின் நகல் கேளுங்கள்.

எதுவுமே நடக்காமல் கிடந்தால் சட்டம் உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டம் 188-க்கு (அரசு அதிகாரியின் உத்தரவை மீறுவது) ஒரு மாதம், ஆபத்து விளைந்தால் ஆறு மாதம்தான் தண்டனை. 269-க்கும் (அலட்சியத்தால் நோய் பரப்பக்கூடிய செயல்) ஆறு மாதம். இப்படிப்பட்ட குற்றங்களை ஓராண்டுக்குள் கோர்ட் விசாரணைக்கு எடுக்க வேண்டும். 270 (தீய நோக்கோடு நோய் பரப்பக்கூடிய செயல்) சேர்த்திருந்தால் இந்தக் கெடு மூன்றாண்டு. கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் கழித்துக் கொடுத்த காலத்தைச் சேர்த்தாலும் இந்தக் கெடு தாண்டிவிட்டது. 188-க்கு அதிகாரியின் எழுத்துமூலமான புகாரும் கோர்ட்டுக்கு வேண்டும். அந்தப் பிரிவில் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போடவே முடியாது என்று 2018-லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் மாவட்டத்துக்கு அந்த நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுப் போட வேண்டும். வழக்கை ரத்து செய்யக் கோரும் மனு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 528.

இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். ‘அபராதம் கட்டிவிட்டால் முடிந்துவிடும்’ என்று யார் சொன்னாலும் உடனே தலையாட்டாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனை பெற்றதாகப் பதிவாகும். வளைகுடாவுக்குப் போகிறவருக்கு நிலுவை வழக்கைவிட அதுதான் பெரிய தடை. அடுத்தது, விண்ணப்பத்தில் வழக்கு இல்லை என்று எழுதாதீர்கள். வழக்கு இருப்பது ஒருபுறம் இருக்க, அதை மறைப்பது பாஸ்போர்ட் சட்டத்தில் தனிக் குற்றமாகிவிடும்.

செங்கோட்டை எலக்ட்ரீஷியன் நான். 2020 ஏப்ரல் 20 முதல் எங்கள் வேலைக்கு அனுமதி என்ற மத்திய அரசு உத்தரவை போனில் காட்டியும் கேரள எல்லையோரப் புளியரை செக்போஸ்டில் திருப்பி அனுப்பினார்கள். அது நியாயமா?

நீங்கள் காட்டிய உத்தரவு உண்மையானது. ஏப்ரல் 15-ஆம் தேதி உள்துறை அமைச்சகம் வெளியிட்டது. எலக்ட்ரீஷியன், பிளம்பர், மோட்டார் மெக்கானிக், தச்சர், கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஆனால் அதே உத்தரவில், மாநிலங்கள் இன்னும் கடுமையாக்கலாம், தளர்த்தத்தான் கூடாது என்றும் இருந்தது. தமிழ்நாடு அந்தத் தளர்வுகளை ஏற்காமல் மே 3 வரை ஊரடங்கை அப்படியே நீட்டித்தது. மே 4 முதல்தான் நோய்க்கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வெளியே, கலெக்டர் அல்லது மாநகராட்சி கமிஷனர் அனுமதியோடு உங்களுக்கு வழி திறந்தது. ஆகவே திருப்பி அனுப்பியது சட்டப்படி சரி. உங்களுக்கு அதை விளக்கிச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லாமல் போனதுதான் கொடுமை.

மே மாதத்துக்குப் பிறகும் எல்லையோரத்துக்காரர்கள் சிக்கியது வேறு காரணத்தால். தமிழ்நாட்டு அனுமதி கேரளப் பக்கத்து ஆரியங்காவு செக்போஸ்டில் செல்லாது. கேரளத்துக்குள் நுழைய அந்த அரசின் கோவிட் ஜாக்ரதா தளத்தில் தனியாகப் பதிய வேண்டியிருந்தது. அந்தப் பாஸ் குறிப்பிட்ட செக்போஸ்டுக்கும் தேதிக்கும் உரியது. ஆரியங்காவு பாஸோடு களியக்காவிளை பக்கத்து இஞ்சிவிளை செக்போஸ்டுக்குப் போனால் நிற்க வேண்டியதுதான்.

2021-இல் கதை வேறு. ஜூன் 7 முதல் 27 மாவட்டங்களில் எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர் போன்றோர் இ-பதிவு செய்து காலை 6 முதல் மாலை 5 வரை வேலை பார்க்கலாம் என்றார்கள். தென்காசி, கன்னியாகுமரி, தேனி இந்த 27-க்குள் வந்தன. கோவை, நீலகிரி உள்ளிட்ட 11 மாவட்டங்களுக்கு அப்போது இது கிடைக்கவில்லை. முதல் நாளே கூட்டம் தாங்காமல் இ-பதிவுத் தளம் முடங்கியதும் நினைவிருக்கும். உங்கள் மீது வழக்கு இருந்தால் பிடிபட்ட தேதி, மாவட்டம், நேரம் மூன்றையும் இதோடு ஒப்பிட்டுப் பார்த்து வக்கீலிடம் கொடுங்கள். அனுமதி இருந்த நாளில், அனுமதித்த நேரத்தில் பிடித்திருந்தால் வழக்கின் அடித்தளமே ஆட்டம் கண்டுவிடும்.

க.க.சாவடியில் தச்சு வேலை. 2020-இல் பிரவுசிங் சென்டரில் இ-பாஸ் எடுத்தேன். அவர் காரணத்தில் ‘மருத்துவம்’ என்று போட்டுவிட்டார். பாலக்காட்டுப் பக்கம் கதவு மாட்டப் போகும்போது பிடிபட்டேன். என் வழக்கும் ரத்தாகியிருக்குமா?

தானாக ரத்தாகியிருக்காது. முறைகேடாக இ-பாஸ் பெற்ற வழக்குகள், முதல் பதிலில் சொன்ன முதல்வரின் அறிவிப்பிலேயே விலக்கப்பட்டிருந்தன. எந்தப் பிரிவுகள் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் இப்போது முக்கியம். 188 மட்டும் என்றால் முதல் பதிலில் சொன்ன வழியே போதும். மோசடிக்கான 420 இருந்தால் தண்டனை ஏழாண்டு வரை போகும், அதற்குக் காலக்கெடு கிடையாது. வக்கீல் இல்லாமல் ஓரடி எடுத்து வைக்காதீர்கள்.

பாஸில் தேதியையோ பெயரையோ திருத்தியது வேறு, அரசு கொடுத்த உண்மையான பாஸில் காரணம் தவறாக இருந்தது வேறு. உங்களுடையது இரண்டாவது வகை. விண்ணப்பத்தை யார் நிரப்பினார், ஓ.டி.பி. யார் போனுக்கு வந்தது, மருத்துவச் சீட்டு ஏதாவது பதிவேற்றினார்களா என்பவற்றை வைத்தே உங்கள் நோக்கத்தைக் கோர்ட் எடைபோடும். ஓ.டி.பி. சென்டர்காரர் போனுக்குப் போயிருந்தால், சீட்டு எதையும் நீங்கள் கொடுக்கவில்லை என்றால், அதை நிரூபிக்கும் எல்லாவற்றையும் சேகரித்து வையுங்கள்.

கம்பத்தில் வெல்டிங் பட்டறை. 2021 ஜூலையில் குமுளியில் ஒரு வீட்டுக்கு கேட், கிரில் போட்டுக் கொடுத்தேன். கொரோனாவைச் சொல்லிச் சொல்லியே பாக்கியைத் தரவில்லை. இப்போது கேஸ் போடலாமா?

செய்த வேலைக்கான கூலியை மூன்றாண்டுக்குள் கேட்க வேண்டும். 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான காலத்தை உச்ச நீதிமன்றம் கணக்கிலிருந்து கழித்ததால், உங்கள் மூன்றாண்டு 2022 மார்ச் 1-இல் தொடங்கி 2025 பிப்ரவரி 28-இல் முடிந்தது. அதற்கு முன்பே, பாக்கி இருக்கிறது என்று அவர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்திருந்தால், எழுதிய நாளிலிருந்து புதிதாக மூன்றாண்டு. அப்படி எதுவும் இல்லாவிட்டால் இன்னொரு வாசல் உண்டு. காலம் கடந்த கடனைக் கொடுப்பதாகக் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்தால் அது செல்லும் என்கிறது ஒப்பந்தச் சட்டம் 25-ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு. பேசிப் பாருங்கள். தருகிறேன் என்று வாயால் சொன்னால் போதாது. எவ்வளவு தொகை, எந்த வேலைக்கு, எப்போது தருவார் என்று ஒரு தாளில் எழுதி கையெழுத்து வாங்குங்கள்.

பழைய இ-பாஸ் பிரிண்டுகளை வைத்திருக்க வேண்டுமா?

வழக்கோ பணத் தகராறோ முடியும்வரை கட்டாயம் வைத்திருங்கள். பழைய தளங்களில் போய் மீண்டும் எடுக்கலாம் என்று நம்பியிருக்க வேண்டாம். வழவழப்பான பில் தாளில் எடுத்த பிரிண்ட் வெளுத்துவிடும், இன்றே ஜெராக்ஸ் எடுங்கள். போனில் வந்த எஸ்.எம்.எஸ்.களைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போனை மாற்றும்முன் மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள்.