டிக்கியிலிருந்து ஆற்றங்கரை வரை: காரையாறுக்குச் சாமான் கொண்டு போவது எப்படி?

கேள்வி: எங்கள் குலதெய்வம், திருநெல்வேலி மாவட்டம் பாபநாசம் மலையில் இருக்கிற காரையாறு சொரிமுத்து அய்யனார். இருபது வருஷம் கழித்து இந்த ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு போய் மூன்று நாள் குடில் போட்டுத் தங்க நினைக்கிறோம். பெரியவர்கள் ஏழு பேர், சின்னப் பிள்ளைகள் இரண்டு. அம்மாவுக்கு 68 வயது. முன்பெல்லாம் வேனிலேயே மேலே போய் இறங்குவோம். இப்போது சொந்த வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில்தான் போகணும் என்கிறார்கள். டெண்ட், பாத்திரம், அரிசி, படுக்கை எல்லாவற்றையும் எப்படிக் கொண்டு சேர்ப்பது? ஆன்லைனில் மடக்குகிற தள்ளுவண்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? அம்மா வேறு, தன் பங்குக்கு எதையாவது சுமந்தே தீருவேன் என்கிறார். அவரிடம் எதைக் கொடுப்பது?
(தூத்துக்குடி வாசகர்)

பதில்: தள்ளுவண்டியை வாங்காதீர்கள். அது மோசமான சாமான் இல்லை. வெளிநாடுகளில் பாட்டுத் திருவிழாக்களுக்குப் போய் மைதானத்தில் கூடாரம் அடித்துத் தங்குகிறவர்கள், காரிலிருந்து சாமானை இதில்தான் இழுத்துப் போகிறார்கள். கெட்டித் தரையில் நன்றாக ஓடும். நம் பாதையில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்ளும். முதலாவது பஸ். மடக்கினாலும் அது பத்துக் கிலோ பக்கம் இருக்கும், நாலு சக்கரமும் நாலு பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் அதைத் தூக்கிக்கொண்டு படியேறிப் பாருங்கள், கண்டக்டர் பேசுவதற்கு முன்னால் பக்கத்தில் நிற்கிற ஆச்சி பேசிவிடுவார். இரண்டாவது, மேலே ஆற்றங்கரை. மணல், மரவேர், உருண்டைக் கல். சின்னச் சக்கரம் மணலில் புதைந்தால் வண்டியையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதுதான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் கார் நிற்கிற இடத்திலிருந்து பஸ் நிற்கிற இடம் வரை மட்டும் பயன்படுத்திவிட்டு, திரும்ப டிக்கியிலேயே போட்டுவிடுங்கள். அப்போதும் வண்டியை இழுங்கள், தள்ள வேண்டாம். தள்ளும்போது நம் கை பாரத்தைக் கீழே அமுக்கும், முன்சக்கரம் இன்னும் புதையும். இழுக்கும்போது அதே முன்சக்கரத்தை லேசாகத் தூக்கிக் கொடுக்கிறோம்.

சமீப வருஷங்களில் மலைக்குக் கீழே அகஸ்தியர்பட்டியில் வண்டிகளை நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து பஸ் விடுகிறார்கள். எந்தத் தேதியிலிருந்து பஸ், எத்தனை நாள் தங்கலாம் என்பதை மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் அந்தந்த வருஷம்தான் அறிவிக்கும். அதனால் மூன்று நாளுக்கு என்று மூட்டை கட்டுவதற்கு முன்னால் அந்த வாரத்துப் பேப்பரைப் பார்த்துவிடுங்கள்.

சரி, பாரத்துக்கு வருவோம். எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம் பந்தலும் வாடகைப் பாத்திரமும்தான் தொழில். முப்பது வருஷமாக அடுத்தவர் வீட்டுச் சாமானை ஏற்றி இறக்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: எத்தனை கிலோ என்று கணக்குப் போடுவதற்கு முன்னால் எத்தனை கை என்று கணக்குப் போடுங்கள். சொந்த வண்டியில் போனால் ஆற்றங்கரைக்கும் வண்டிக்குமாக நாலு நடை நடக்கலாம். பஸ்ஸில் போனால் இரண்டாவது நடை என்பதே கிடையாது. ஒரே ஏற்றம், ஒரே இறக்கம்.

நீங்கள் ஒன்பது பேர். பிள்ளைகள் இரண்டு பேரும் சாமான் கணக்கில்தான் வருவார்கள், கை கணக்கில் வரமாட்டார்கள். அவர்களைப் பிடித்துக்கொள்ள ஒரு பெரிய ஆள் வேண்டும். அம்மாவுக்கு லேசாக ஏதாவது. ஆக மிச்சம் ஐந்து பேர். ஒவ்வொருவருக்கும் முதுகில் ஒன்று, கையில் ஒன்று. இன்னொரு கை பஸ் கம்பியைப் பிடிக்க வேண்டும், அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. மொத்தம் பத்து உருப்படி. முதுகில் பன்னிரண்டு கிலோ, கையில் ஆறு கிலோ என்று வைத்தால் ஐந்து பேருக்கும் சேர்த்துத் தொண்ணூறு கிலோ. மூன்று நாளுக்கு இது தாராளம். பதினோராவது உருப்படி ஒன்று வந்தால், பத்தில் ஒன்றை வீட்டிலேயே இறக்கி வையுங்கள்.

எதை இறக்குவது? நாற்காலி, கட்டில், ஐஸ் பெட்டி பற்றிப் பேச்சே வேண்டாம். அடுத்தது கேஸ். வீட்டுச் சிலிண்டரில் கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு முப்பது கிலோ பக்கம் வரும். சின்னச் சிலிண்டரானாலும் கூட்டம் நிறைந்த பஸ்ஸில் ஏற்றுகிற சாமான் இல்லை. மேலே போய்ச் சுள்ளி பொறுக்கிக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-லிருந்து காப்பகம், தமிழ்நாட்டிலேயே முதலாவது. அங்கே விழுந்து கிடக்கிற குச்சியும் காட்டுக்குச் சொந்தம். நான் ஒரு சாக்கு தேங்காய்ச் சிரட்டை கொண்டு போவேன். பார்க்கத்தான் பெரிய மூட்டை, பாரம் குறைவு. பிடித்தால் நின்று எரியும். அடுப்பு மூட்ட விடுகிற இடத்தில் மட்டும் மூட்டுங்கள். முதல் நாளுக்குப் புளிச்சோறும் துவையலும் கட்டிக்கொண்டு போய்விட்டால் அன்றைக்கு அடுப்பே தேவைப்படாது.

தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. இருபது லிட்டர் கேனைத் தாமிரபரணிக் கரைக்குச் சுமந்து போகிறவரை நானே பார்த்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு பாட்டில், அதுவும் எவர்சில்வர் பாட்டில், போதும். காலிக் கேன் ஒன்றைக் கொண்டு போய் மேலே நிரப்பிக் காய்ச்சிக் குடியுங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற கப், கவர், இலை மாதிரி பிளாஸ்டிக் தட்டு எதுவும் பையில் இருக்கக் கூடாது. பாபநாசம் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். அடுக்கி வைத்ததை நடுரோட்டில் பிரித்து, திரும்ப அடுக்குவது பெரிய கொடுமை.

பாத்திரத்தில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுவார்கள். ஒரு வெறும் போணியைத் தூக்கிப் போனால் உள்ளே இருக்கிற காற்றையும் சேர்த்துச் சுமக்கிறோம். ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மாதிரி மூன்றே பாத்திரம் எடுங்கள். எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கிற பாத்திரத்துக்குள் அரிசிப் பையை இறக்குங்கள். பெரியவர்கள் ஏழு, பிள்ளைகள் இரண்டு என்றால் மூன்று நாளுக்கு ஏழெட்டுக் கிலோ போதும். பருப்பு, புளி, மிளகாய்ப் பொடி எல்லாம் துணிச் சுருக்குப் பையில் போட்டு அரிசியைச் சுற்றி இண்டு இடுக்கில் செருகுங்கள். கரண்டிகளை ஒரு துண்டில் சுருட்டி மேலே வைத்து மூடியைக் கவிழ்த்துப் போட்டு, குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டுங்கள். ஆட்டிப் பார்த்தால் சத்தம் வரக் கூடாது. சத்தம் வந்தால் உள்ளே இன்னும் இடம் இருக்கிறது.

அந்தக் கயிற்றைப் பிடித்துத் தூக்கும்போது நைலான் கயிறானால் நூறு அடி நடப்பதற்குள் விரலை அறுத்துவிடும். ஒரு சாண் நீளம் பழைய ரப்பர் ஹோஸை வெட்டி, கட்டுவதற்கு முன்னாலேயே கயிற்றில் கோத்துவிடுங்கள். அது கைப்பிடி ஆகிவிடும். பந்தல்காரன் வீட்டில் இதைப் பிள்ளைகளே செய்யும்.

பெட்டி, சூட்கேஸ் எதுவும் வேண்டாம். பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் போகிறது துணிப்பையும் கித்தான் பையும்தான், இடத்துக்குத் தக்கபடி அமுங்கிக்கொள்ளும். படுக்கைக்குக் கோரைப்பாய். வழியில் பத்தமடையில் வாங்கினால் போதும், ஆனால் கல்யாணப் பாயை எடுத்துவிடாதீர்கள், சாதாரண முரட்டுப் பாய். மூன்று பாயைச் சேர்த்துச் சுருட்டி, அந்தக் குழலுக்குள்ளேயே டெண்ட் கம்பிகளைச் செருகி, இரண்டு முனையிலும் துணியால் அடைத்துக் கட்டிவிடுங்கள்.

கம்பியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு வருஷம் எங்கள் வீட்டுக் கம்பிப் பை டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடந்துவிட்டது. துணி மேலே, கம்பி கீழே. விவரம் தெரியும்போது இருட்டிவிட்டது. ஆடி மாசச் சாரல் பிடித்துக்கொண்டது. ஆறாயிரம் ரூபாய் டெண்ட்டைக் கீழே விரித்துப் படுத்துக்கொண்டு, சாமான் மூடக் கொண்டு போன தார்ப்பாயை இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டி ராத்திரியை ஓட்டினோம். இத்தனைக்கும் ஊருக்கெல்லாம் பந்தல் போடுகிறவன் நான். மதினி அதை இன்னும் விடவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு உருப்படிக்கும் எண் போடுகிறேன். வெள்ளைத் துணிக் கிழிசலில் மார்க்கரால் 1 முதல் 10 வரை எழுதிக் கட்டிவிடுங்கள். யாருக்கு எந்த இரண்டு எண் என்பது வீட்டிலேயே முடிவாக வேண்டும். காரிலிருந்து இறக்கியதும் ஒருமுறை, பஸ்ஸில் ஏறியதும் ஒருமுறை, இறங்கியதும் ஒருமுறை எண்ணைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் 11, 12. மேலே செல்போன் சிக்னலை நம்பி யாரையும் தேட முடியாது.

பஸ்ஸில் ஏறும்போது வெறுங்கையோடு ஒருவர் முதலில் ஏறட்டும். கீழிருந்து ஒவ்வொன்றாக அவர் வாங்கி உள்ளே தள்ள வேண்டும். கடைசி ஆள் கீழே ஒன்றும் கிடக்கவில்லை என்று பார்த்துவிட்டு ஏறணும். இறங்கும்போது இதுவே தலைகீழ். இறங்கியதும் எல்லோருமாகச் சாமானோடு இடம் தேடி அலையாதீர்கள். அம்மா, பிள்ளைகள், மூட்டைகள் ஒரு மர நிழலில். தார்ப்பாயும் கயிறும் மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு பேர் போய், அனுமதித்த இடத்தில் மேடாகப் பார்த்துத் தார்ப்பாயைக் கட்டிவிட்டு வந்து கூப்பிடட்டும். கோயில் இருப்பது காரையாறு அணைக்குக் கீழே. ஆற்றை ஒட்டின மணல் திட்டு பார்க்கச் சொகுசாக இருக்கும், அங்கே போடாதீர்கள், அணையில் தண்ணீர் திறந்தால் ஏறிவிடும். மூட்டைக்குக் காவல் இருக்கிறவர் கையில் ஒரு குச்சி இருக்கட்டும். குரங்கு முதலில் வாழைப்பழப் பையைத்தான் தேடும்.

திரும்பி வரும்போது அரிசி தீர்ந்திருக்கும், அதனால் பாரம் குறையும் என்று நினைப்பீர்கள். குறையாது. நனைந்த டெண்ட், நனைந்த பாய், நனைந்த வேட்டி. தண்ணீர் இழுத்த துணி காய்ந்த துணியைப் போல இரண்டு பங்கு கனக்கும். சாரல் விட்ட நேரமாகப் பார்த்து டெண்ட்டை உதறிச் சுருட்டுங்கள். உடுத்திக் குளித்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டு வருகிற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தத் தடவையோடு நிறுத்திவிடுங்கள். அதை அள்ளி அள்ளியே பாபநாசத்தில் ஆட்கள் சோர்ந்து போகிறார்கள். குப்பைக்கு என்று ஒரு காலிச் சாக்கு போகும்போதே இருக்க வேண்டும். சிரட்டை கொண்டு போன சாக்கே போதும். அமாவாசை அன்று சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் கீழே இறங்குவார்கள். அன்று ராத்திரியும் தங்க விட்டால் மறுநாள் விடிகாலைப் பஸ்ஸில் இறங்குங்கள். நேர்ச்சைக் கிடா உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டு என்றால் அது தனிக் கணக்கு, தனியாக எழுதிக் கேளுங்கள்.

இனி அம்மா. சுமக்காமல் வா என்று சொல்லாதீர்கள், கோபம்தான் வரும். ஒரு ஓலைப்பெட்டி வாங்கி அதில் சாமி சாமானை வையுங்கள்: தேங்காய், பழம், சூடம், பத்தி, சாமிக்கு எடுத்த துண்டு. நாலு கிலோவுக்கு மேல் போகாது. தலையில் வைத்துப் பழக்கம் உள்ளவர் என்றால் சும்மாடு சுற்றிக் கொடுங்கள். பழைய பருத்தித் துண்டை நீளவாக்கில் முறுக்கி, உள்ளங்கை நுழைகிற அளவுக்கு வட்டமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகிவிட வேண்டும். நடுவில் பள்ளம் இருந்தால்தான் பாரம் உச்சியில் குத்தாமல் சுற்றிலும் பரவும். 1986-ல் கென்யாவில் தலைச்சுமைப் பெண்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று, தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் வைத்து நடந்தபோது அவர்களுக்குக் கூடுதல் சக்தி செலவாகவில்லை என்று கண்டது. சின்ன வயதிலிருந்து சுமந்த கழுத்துக்குத்தான் இந்தக் கணக்கு. உங்கள் தங்கையோ மச்சினனோ வீம்புக்கு அரிசி மூட்டையைத் தலையில் ஏற்றினால் மறுநாள் கழுத்து திரும்பாது. அம்மாவும் பஸ்ஸில் ஏறும்போது பெட்டியை இறக்கி மடியில் வைத்துக்கொள்ளட்டும்.

அதே கோயிலில் இருக்கிற பட்டவராயன் சாமிக்குச் செருப்புக் காணிக்கை நேர்ந்திருந்தீர்கள் என்றால் அதை மட்டும் அந்த ஓலைப்பெட்டியில் வைத்துவிடாதீர்கள். புதுச் செருப்பாகவே இருந்தாலும் தேங்காய் பழத்தோடு சேர்த்தால் அம்மா பாதி வழியில் பெட்டியை இறக்கி வைத்துவிடுவார். பத்தாம் எண் பையில், மேலாகவே வையுங்கள். அந்தச் சந்நிதியில் நிற்கும்போது மூட்டையைப் பிரித்துத் தேடிக்கொண்டிருக்க முடியாது.