ஆயக்கட்டு இல்லாத குளத்துக்கு யார் காவல்?

வாசகர் கேள்விகளும் பதில்களும். பதில் தருபவர், நீர்வளத் துறைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பொறியாளர்.

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. ஊருக்கு மேலே அரைக் கிலோமீட்டரில் ஒரு தோட்ட விடுதிக்காரர் ஓடையின் குறுக்கே மண்கரை எழுப்பிப் படகு விடுகிறார். கரை ஏழு மீட்டர் உயரமும் 200 மீட்டர் நீளமும் இருக்கும். சென்ற கார்த்திகையில் கரையின் வெளியடியில் நீர் கசிந்தது. அணைப் பாதுகாப்புக்கென்று சட்டம் வந்திருக்கிறதே, அதன்படி யாரும் வந்து பார்க்க மாட்டார்களா?
(ஊரார் சார்பில் ஒரு வாசகர்)

பதில்: அந்தச் சட்டத்தின்படி வர மாட்டார்கள். 2021 டிசம்பர் 30 முதல் நடைமுறையில் உள்ள அணைப் பாதுகாப்புச் சட்டம், 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளையும், 10 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றில் கரை நீளம் 500 மீட்டருக்கோ கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டருக்கோ குறையாதிருத்தல் போன்ற நிபந்தனைகளுள் ஒன்றையாவது நிறைவு செய்பவற்றையும் மட்டுமே தன் எல்லைக்குள் கொள்கிறது. மணிமுத்தாறும் பாபநாசமும் அதற்குள் வரும். பருவமழைக்கு முன்னும் பின்னும் அவற்றை ஆய்வு செய்யும் கடமை அணையை வைத்திருப்பவருக்கு உண்டு. உயரத்தைத் தரைமட்டத்திலிருந்து அளக்காமல் அடித்தளத்தின் மிகத் தாழ்ந்த பகுதியிலிருந்து அளக்க வேண்டும் என்பது விதி. அப்படி அளந்தாலும் உங்கள் ஏழு மீட்டர் கரை சட்டத்துக்குள் வந்துவிடாது.

மாநிலத்தின் குளக் கணக்கிலும் அதற்கு இடமில்லை. ஆயக்கட்டு, அதாவது குளத்து நீரால் பாசனம் பெறும் நிலம், 40 எக்டேரும் அதற்கு மேலும் உள்ள குளங்கள் நீர்வளத் துறையிடமும், குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. விடுதிக்காரரின் குளத்துக்கு ஆயக்கட்டே கிடையாது. (நாம் எவ்வளவு பெரிய ஏரியையும் குளம் என்றே சொல்லிப் பழகியவர்கள், இரண்டு ஏக்கர் நீருக்கு 'லேக்' என்று பலகை வைக்கும் வழக்கம் இப்போதுதான் வந்திருக்கிறது.) பெயர் எதுவானாலும் ஆயக்கட்டு இல்லாததுதான் இங்கே உண்மையான கவலை. பாசனக் குளத்தின் கரை உடைந்தால் தன் நெல்லும் போகும் என்பதால் ஆயக்கட்டுக்காரர் ஒவ்வொருவரும் கரைக்குக் காவலாக இருந்தார். படகுக் குளத்தில் பலன் பெறுபவர் விடுமுறை முடிந்து ஊர் திரும்பிவிடுவார். கரைக்குக் கீழே குடியிருப்பவருக்கோ அதில் ஒரு பங்கும் இல்லை.

இன்னொரு வேறுபாட்டையும் பாருங்கள். நம் குளங்கள் கோடையில் வற்றும். அப்போது மடையும் உள்சரிவும் கண்ணுக்குத் தெரிவதால் சித்திரை வைகாசியில் பழுது பார்க்கலாம். ஐப்பசி மழையை வாங்கிக்கொள்ள இடமும் இருக்கும். படகு விட வேண்டுமானால் ஆண்டு முழுவதும் நீர் நிறைந்திருக்க வேண்டும் என்பதால், அந்தக் கரையின் உட்புறத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. பெருமழை வரும்போது குளம் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது.

ஆகவே நீங்கள் வேறு கதவுகளைத் தட்ட வேண்டும். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தை (நில அளவை வரைபடத்தை) பாருங்கள். அந்த இடம் ஓடைப் புறம்போக்கு என்றிருந்தால் அது அரசு நிலம். 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வட்டாட்சியர் நடவடிக்கை எடுக்கலாம். பட்டா நிலம் என்றாலும் வழி அடைபடவில்லை: விழுந்து கேடு விளைவிக்கும் நிலையில் உள்ள கட்டுமானத்தைச் சீர் செய்யவோ அகற்றவோ ஆணையிட நிர்வாக நடுவருக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133ஆம் பிரிவு. மாவட்ட ஆட்சியருக்கு 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படியும் அதிகாரம் உண்டு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கும்போது, "ஆபத்து இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் அது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டிருக்கும். நீர்வளத் துறைப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து, மிகுதி நீர் வழிந்தோடும் கலுங்கின் அகலம், கரைக்கும் கலுங்குக்கும் உள்ள உயர வேறுபாடு, குளத்தை வடிக்கும் மடை உண்டா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று கேளுங்கள்.

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் என் தோப்பில் நானும் இப்படியொரு குளம் வைத்திருக்கிறேன். நீர் வரும் சரிவு 40 எக்டேர். கலுங்கு மூன்று மீட்டர் அகலம். கரை அதைவிட இரண்டடி உயரம். மறுகால் பாயும்போது மீன் போய்விடுகிறது என்று கலுங்கில் வலை கட்டியிருக்கிறேன். இது தவறா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: வலையை இன்றே அவிழ்த்துவிடுங்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஜான்ஸ்டவுன் நகருக்கு மேலே, செல்வந்தர்களின் மீன்பிடி மன்றம் ஒன்று பழைய மண் அணையை வாங்கிப் பொழுதுபோக்குக்கு வைத்திருந்தது. அது உங்கள் குளத்தைப் போலச் சிறியதன்று, 72 அடி உயரம். நீரை வடிக்கும் குழாய்களை முந்தைய உரிமையாளர் அகற்றியிருந்தார். மன்றத்தார் அவற்றைத் திரும்ப வைக்கவில்லை. வண்டிகள் போவதற்காகக் கரையின் மேல்மட்டத்தையும் தாழ்த்தினார்கள். மீன் தப்பாதிருக்கக் கலுங்கில் கம்பி வலை பொருத்தினார்கள். 1889 மே 31 அன்று பெய்த மழையில் சருகும் கட்டையும் வலையை அடைத்துக்கொள்ள, நீர் கரை மேல் ஏறி, அணை உடைந்து 2,209 பேர் இறந்தார்கள்.

வலை இல்லாவிட்டாலும் உங்கள் கலுங்கு போதாது. உங்கள் சரிவில் மூன்று மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்து, மண் முன்பே ஊறியிருப்பதால் அத்தனையும் ஓடி வருகிறது என்று கொள்வோம். அது 40,000 கன மீட்டர் நீர். சராசரியாக வினாடிக்கு 3.7 கன மீட்டர். மூன்று மீட்டர் அகலக் கலுங்கில் ஓரடி ஆழத்துக்கு வழிந்தால் வினாடிக்கு 0.8 கன மீட்டர் அளவே வெளியேறும், 3.7 வெளியேற வேண்டுமானால் கலுங்கின் மேல் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நீர் நிற்க வேண்டும். உங்கள் கரையோ கலுங்குக்கு மேல் 60 சென்டிமீட்டர்தான். மண்கரை கசிவைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், ஆனால் தன் தலைக்கு மேல் ஓடும் நீரைப் பொறுக்காது. 10 சென்டிமீட்டர் மிகையான கணக்கு என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததை நாம் கண்டோம். கலுங்கை அகலப்படுத்துங்கள், அதுவரை மழைக்காலத்தில் குளத்தை மூன்றில் ஒரு பங்காவது குறைத்து வையுங்கள்.

பொறுப்பைப் பற்றியும் ஒரு சொல். தன் நிலத்தில் தன் பயனுக்குத் தேக்கிய நீர் தப்பி அண்டை நிலத்தைக் கெடுத்தால், கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாவிட்டாலும் தேக்கியவரே பொறுப்பு என்று 1868இல் ரைலண்ட்ஸ் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 1874இல் கார்வேட்டிநகர ஜமீனின் குளங்கள் உடைந்து மதராஸ் ரயில்வே பாலங்கள் அடித்துச் செல்லப்பட்ட வழக்கில், ஊர்ப் பாசனத்துக்காகத் தொன்றுதொட்டு இருக்கும் குளங்களைப் பராமரிப்பது ஜமீனின் கடமை என்பதால் அந்த விதி பொருந்தாது என்று, அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொன்னது. மீனுக்கும் படகுக்கும் வெட்டிய குளத்துக்கு அந்த விலக்கைக் கேட்பது எளிதன்று.

கேள்வி: எங்கள் சேரன்மகாதேவிப் பக்கத்துப் பெரிய குளங்களிலும் கரையடி எப்போதும் ஈரமாகத்தானே இருக்கிறது? எந்தக் கசிவுக்கு அஞ்ச வேண்டும்?
(ஒரு வாசகி)

பதில்: நீங்கள் சொல்வது சரி, கசியாத மண்கரை இல்லை. வரும் நீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மண் படிந்தால் கரை உள்ளிருந்து அரிக்கப்படுகிறது. தெளிவாக இருந்தால், ஒரு வாளி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்பதையும் அன்றைய நீர்மட்டத்தையும் வாரந்தோறும் எழுதி வையுங்கள். மட்டம் ஏறாமலே வாளி விரைவில் நிறையத் தொடங்கினால் பொறியாளரை அழைக்க வேண்டும். மடைக்குழாயை ஒட்டி வரும் கசிவுக்கு இவ்வளவு பொறுமை கூடாது, உடனே அழையுங்கள்.

கசியும் வாயில் களிமண்ணை வைத்து அடைப்பது நம் ஊர்களில் எல்லோரும் செய்யும் தவறு. அடைபட்ட நீர் வேறு வழி தேடும். பருமணல், அதன் மேல் சரளை, அதன் மேல் கல் என்று பரப்பினால் நீர் வெளியேறும், மண் உள்ளே தங்கும். மணலைக் கக்கிக்கொண்டு ஊற்று கிளம்பினால் அதைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி நீரை உயர விடுங்கள். கீழே உள்ள வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டு 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணுக்குச் சொல்லுங்கள். குளத்தை வடிப்பதானால் மெதுவாக வடிக்க வேண்டும். ஒரே மூச்சில் இறக்கினால் ஊறிய உள்சரிவு சரிந்துவிடும்.

கேள்வி: கரையில் நிற்கும் பனைகளையும் உடைமரங்களையும் வெட்டிவிடலாமா?
(முதல் கேள்வி கேட்ட வாசகரே)

பதில்: உடையைக் கன்றாக இருக்கும்போதே பிடுங்குங்கள். பெரிதாகிவிட்டால், நீர் இறங்கியிருக்கும் காலத்தில் வேரோடு தோண்டி எடுத்து, குழியில் கரை மண்ணையே அடுக்கடுக்காக இட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். அடிமரத்தை விட்டுவைத்தால் வேர் மக்கி, உள்ளே நீர் ஓடக் குழாய் ஆகிவிடும். பனைக்கு நார்வேர், உயிரோடு நிற்கும்வரை அதை விட்டுவையுங்கள். பட்டுப்போன பனைக்கு மேலே சொன்ன முறைதான், மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி பெற்ற பிறகு.