வெப்சர்வரை நிறுத்தித் தொடங்க மெஷினையே ரீபூட் செய்ய வேண்டுமா?

கேள்வி: எங்கள் சிறிய நிறுவனத்தின் வலைத்தளம் உபுண்டு சர்வரில், என்ஜின்எக்ஸ் என்ற வெப்சர்வரில் ஓடுகிறது. அமைத்துக் கொடுத்தவர், எந்தச் சின்ன மாற்றம் செய்தாலும் மெஷினை ரீபூட் செய்யச் சொல்கிறார். சென்ற முறை ரீபூட்டுக்குப் பிறகு தளம் வரவே இல்லை. அவருக்குப் பணம் கொடுத்துத்தான் சரிசெய்தோம். இதை நாங்களே செய்ய முடியாதா?

பதில்: முடியும். ரீபூட் தேவையே இல்லை. வலைப்பக்கங்களை அனுப்பும் வெப்சர்வரும் மெஷினில் ஓடும் பல நிரல்களில் ஒன்று, அவ்வளவுதான். அதை மட்டும் நிறுத்தலாம், தொடங்கலாம்.

கட்டளைகளைத் தமிழில் தருகிறேன். சர்வரின் டெர்மினலில் டைப் செய்யும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்துகள். 'சூடோ' என்றால் நிர்வாகி உரிமையோடு செய் என்று பொருள். 'சிஸ்டம்சிடிஎல்' என்பது இத்தகைய நிரல்களை நிறுத்தி, தொடங்கும் கருவி.

முதலில் நிலவரம் பாருங்கள்: 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்ஜின்எக்ஸ்'. பச்சையில் 'ஆக்டிவ் (ரன்னிங்)' என்று வந்தால் ஓடுகிறது. 'ஸ்டேட்டஸ்' இருக்கும் இடத்தில் 'ஸ்டாப்' போட்டால் நிற்கும், 'ஸ்டார்ட்' போட்டால் தொடங்கும். வெற்றியானால் திரையில் ஒரு வார்த்தைகூட வராது. தோற்றால் மட்டும் 'போய் வேறு இடத்தில் பார்' என்று கைகாட்டும். இப்படி ஒரு முறையை யார் யோசித்தார்களோ! எதைச் செய்தாலும் முடிவில் மறுபடி ஸ்டேட்டஸ் பார்த்துவிடுங்கள்.

கான்பிக் (அமைப்பு) கோப்பில் ஏதாவது மாற்றினால் ஸ்டாப், ஸ்டார்ட், ரீஸ்டார்ட் எதுவுமே வேண்டாம். அதே 'ஸ்டேட்டஸ்' இடத்தில் 'ரீலோடு' போதும். முதலில் 'சூடோ என்ஜின்எக்ஸ் -டி' கொடுங்கள். கோப்பில் எழுத்துப்பிழை இருந்தால் எந்த வரியில் என்று சொல்லிவிடும். 'டெஸ்ட் இஸ் சக்சஸ்புல்' வந்த பிறகு ரீலோடு. பழைய இணைப்புகள் அறுபடாமல், புதியவை புது அமைப்பில் தொடரும். கோப்பு தவறாக இருந்தால் ரீலோடு தோற்கும், ஆனால் தளம் பழைய அமைப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ரீஸ்டார்ட் அப்படியல்ல. ஓடிக்கொண்டிருப்பதை முதலில் நிறுத்திவிட்டுப் பிறகுதான் புதிதாகத் தொடங்கப் பார்க்கும். கோப்பில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தால் நின்றது நின்றதுதான். ரீபூட்டிலும் இதே ஆபத்துதான், கூடவே காத்திருக்கும் நேரம் வேறு. எதற்கெடுத்தாலும் ரீபூட் என்று சொல்பவருக்கு இது தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார். நீங்கள் அவரை மறுபடி அழைக்க நேர்ந்தால் லாபம் யாருக்கு?

சரி, ரீபூட்டுக்குப் பின் தளம் ஏன் வரவில்லை? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

உபுண்டுவில் என்ஜின்எக்ஸைத் தொகுப்பாக நிறுவினாலே, மெஷின் எழும்போது அதுவும் எழும்படி அமைந்துவிடும். 'சிஸ்டம்சிடிஎல் இஸ்-எனேபிள்டு என்ஜின்எக்ஸ்' கேட்டுப் பாருங்கள். 'டிசேபிள்டு' என்றால் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் என்ஜின்எக்ஸ்' கொடுத்தால் முடிந்தது. 'எனேபிள்டு' என்றே வந்தும் தளம் எழவில்லை என்றால், என் சந்தேகம் அப்பாச்சி என்ற இன்னொரு வெப்சர்வர் மேல். அதை நாங்கள் நிறுவவே இல்லையே என்பீர்கள். யாராவது பிஎச்பி என்ற நிரல்மொழியை நிறுவியிருப்பார்கள். உபுண்டுவில் வெறுமனே 'பிஎச்பி' என்று கேட்டால், எப்பிஎம் (பிஎச்பியைத் தனியாக ஓட்டும் நிரல்) முன்பே இல்லாத பட்சத்தில், அப்பாச்சியையும் சேர்த்து இழுத்து வந்துவிடும். யாரும் கேட்காமல் ஒரு வெப்சர்வரையே உள்ளே கொண்டுவருவது என்ன நியாயமோ. என்ஜின்எக்ஸ் ஏற்கெனவே ஓடும்வரை பிரச்சினை வெளியே தெரியாது. ரீபூட் ஆகும்போது இரண்டும் வலைத்தளக் கோரிக்கைகள் வந்துசேரும் வாசலான 80-ஆம் போர்ட்டுக்குப் பாயும். முதலில் பிடித்தவர் வைத்துக்கொள்வார். மற்றது 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று விழுந்துவிடும். உங்கள் தளத்துக்குப் பதில் அப்பாச்சியின் வரவேற்புப் பக்கம் தெரிந்ததா? அப்படியானால் சந்தேகமே இல்லை.

'சூடோ எஸ்எஸ் -எல்டிஎன்பி' கொடுங்கள். எந்த போர்ட்டை எந்த நிரல் பிடித்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். 80-க்கு நேரே 'அப்பாச்சி2' இருந்தால் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் --நவ் அப்பாச்சி2'. அது இப்போதே நிற்கும், அடுத்த ரீபூட்டிலும் எழாது. அப்புறம் என்ஜின்எக்ஸை ஸ்டார்ட் செய்யுங்கள். அப்பாச்சியில் வேறு தளம் எதுவும் ஓடவில்லை என்பதை மட்டும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

80-க்கு நேரே என்ஜின்எக்ஸே இருந்தும் ஸ்டேட்டஸ் 'இன்ஆக்டிவ்' என்று சொன்னால், யாரோ சிஸ்டம்சிடிஎல் இல்லாமல் கையால் தொடங்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்படித் தொடங்கியது ரீபூட்டைத் தாண்டாது. 'சூடோ என்ஜின்எக்ஸ் -எஸ் குவிட்' கொடுத்து நிறுத்திவிட்டு, முறைப்படி ஸ்டார்ட் செய்து எனேபிளும் செய்யுங்கள். நிரலை வலுக்கட்டாயமாகக் கொல்லும் 'கில் -9' போடச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். தலைமை நிரல் மட்டும் செத்து, அதன் கீழே இருந்தவை போர்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும்.

எதற்கும் மசியவில்லை என்றால் 'சூடோ ஜர்னல்சிடிஎல் -யு என்ஜின்எக்ஸ்'. என்ஜின்எக்ஸின் பதிவுகளைக் காட்டும். கடைசிப் பத்து இருபது வரிகளில் காரணம் இருக்கும். அந்த வரிகளை அப்படியே காட்டி உதவி கேளுங்கள். 'எல்லாக் கோப்புக்கும் 777 அனுமதி (யாரும் எதையும் மாற்றலாம் என்ற அனுமதி) கொடுங்கள்' என்று பதில் வந்தால், சொன்னவரிடம் மறுபடி எதுவும் கேட்காதீர்கள்.

இத்தனையும் செய்ய உங்களுக்கு சூடோ உரிமை வேண்டும். ரூட் (மெஷினின் தலைமைக் கணக்கு) கடவுச்சொல்லைத் தன்னிடமே வைத்துக்கொண்டு 'உங்களுக்கு எதற்கு அது, கெடுத்துவிடுவீர்கள்' என்று சொல்லும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மெஷினுக்கு வாடகை கட்டுவது நீங்கள். உங்கள் பெயரில் சூடோ உரிமையுள்ள ஒரு கணக்கை இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். ஹோஸ்டிங் கணக்கு எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். அவருடைய மின்னஞ்சலாக இருந்தால் மாற்றிவிட்டு, அதன் பிறகு அவரிடம் ரீபூட் பற்றிப் பேசுங்கள்.