பச்சை குத்துறவனா?

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் ஆயாவின் கைப் பச்சை பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். பிடித்திருந்தது, ஒரு வரியைத் தவிர. ‘இன்றைய டாட்டூக் கடைகளில் மெஷின் இருக்கிறது, கை இல்லை’ என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஐந்து வருடமாக டாட்டூக் கடை வைத்திருக்கிறேன். லைசென்ஸ் எடுக்கப் போனபோது இந்தத் தொழிலுக்குத் தனித் தலைப்பு இல்லை என்று அழகு நிலையம் என எழுதிக் கொடுத்தார்கள். கடன் கேட்ட இடத்தில் சிரித்தார்கள். போன தை மாதம் பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் மாமா, “ஓ, பச்சை குத்துறவனா?” என்றார். டாட்டூ ஆர்ட்டிஸ்ட் என்று திருத்தினேன். அவர் காதிலேயே வாங்கவில்லை.

இன்னொன்று. பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி, மணிக்கட்டில் ஒரு பையன் பெயரைப் போடச் சொல்லி வந்தாள். பதினெட்டு ஆகட்டும் என்று அனுப்பிவிட்டேன். அன்றைக்கே பஸ் ஏறிப் போய் பாண்டியில் போட்டுக்கொண்டு, படம் எடுத்து எனக்கே அனுப்பினாள். போட்டவன் ஏழு நாள் கோர்ஸ் முடித்து சர்டிபிகேட்டைச் சுவரில் மாட்டியிருப்பவன். நான் செய்தது சரியா, முட்டாள்தனமா? எங்களைக் கலைஞர்கள் என்று எப்போது ஒத்துக்கொள்வீர்கள்?

பெயர் வேண்டாம்,
கடலூர்

அன்புள்ள தம்பிக்கு,

அந்த வரி தப்பு. ஓசைக்காக எழுதியது. எழுதும்போதே எனக்கு ரொம்பப் பிடித்துப்போன வரி அது, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். 1891ல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ’ரைலி என்பவர் எடிசனின் மின்பேனாவைப் பார்த்து, அதை மாற்றி அமைத்துக் காப்புரிமை வாங்கிய சாமான் உங்கள் மெஷின். ஊசியை மேலும் கீழும் ஆட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. ஊசி தோலுக்குள் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். கூடப் போனால் இங்க் கசிந்து கோடு ஊதிவிடும், குறைந்தால் புண் ஆறும்போதே பொருக்கோடு உதிர்ந்துவிடும். அந்த இடைவெளியைப் பார்த்துக்கொள்வது உங்கள் மணிக்கட்டு. ஆக, கை இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

பெண்ணின் மாமாவுக்கு வருவோம். அவர் உங்கள் சம்பாத்தியத்தைக் கேட்கவில்லை, வேறொன்றைக் கேட்டார். நம் பக்கத்தில் பச்சை குத்துவது குறவர் பெண்களின் வேலையாக இருந்தது. என் ஆயாவுக்குக் குத்திய அம்மாள் நெல்லிக்குப்பம் பக்கம் வருடத்துக்கு ஒருமுறை வருவாராம். விளக்குக் கரியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் குழைத்து, மூன்று நாலு ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, வலி தெரியாமல் இருக்கப் பாடிக்கொண்டே குத்துவார். கரி கறுப்புதான். தோலுக்கு அடியில் போனதும் நீலமும் பச்சையுமாகத் தெரியும். கூலி இரண்டு படி அரிசி, ஒரு பழைய புடவை. இதையெல்லாம் கட்டுரையில் எழுதினேன். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த அம்மாளை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார விடவில்லை. தெருப் புழுதியில் உட்கார்ந்துதான் ஆயாவின் கையில் இருந்த கோலத்தையும் தேளையும் குத்தினார். எழுபது வருடம் கழித்து, அவர் இல்லாத காலத்தில், பேத்தி அவரைக் கலைஞர் என்று எழுதுகிறாள். எனக்கு இதில் ஒரு பைசா செலவில்லை.

மாமாவின் கேள்விக்குள் இருந்தது அந்தத் திண்ணைதான். நீங்கள் அவசரமாக ‘டாட்டூ ஆர்ட்டிஸ்ட்’ என்று திருத்தியதிலும் அது கொஞ்சம் இருக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆமாம், பச்சை குத்துகிறவன்தான் என்று சொல்லியிருந்தால் அந்தச் சம்பந்தம் போயிருக்கும். போனால் போகட்டும்.

அதற்காக அந்த அம்மாளைத் தூக்கிக் கோபுரத்தில் வைக்கவும் முடியாது. ஒரு தெருவில் பத்துப் பெண்களுக்கும் ஒரே ஊசி. மேலே மஞ்சள் பூசினால் ஆறிவிடும் என்று இருந்தார்கள். பின்னால் யாருக்காவது காமாலை கண்டால் அதையும் ஊசியையும் யார் முடிச்சுப் போட்டுப் பார்த்தார்கள்? காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் ரத்தத்தில் தங்கும் கிருமிகள். அரசாங்கங்கள் உங்கள் தொழிலைக் கவனிக்க ஆரம்பிப்பதும் இந்த ரத்தத்தில்தான். பிரான்சில் 2008லிருந்து டாட்டூ போடுகிறவர் சுகாதாரப் பயிற்சி எடுத்தாக வேண்டும், இருபத்தொரு மணி நேரம். நன்றாக வரைவாயா என்று அங்கே அரசாங்கம் கேட்பதில்லை. (எங்கள் பாண்டியில் எதற்கெடுத்தாலும் பிரெஞ்சுக்காரனை உதாரணம் காட்டுவார்கள், இதை மட்டும் யாரும் காட்டுவதில்லை.) தென்கொரியாவில் 1992ல் உச்ச நீதிமன்றம் டாட்டூ போடுவது வைத்தியம் என்று சொல்லிவிட்டது. டாக்டர் பட்டம் இல்லாமல் ஊசி பிடித்தால் குற்றம். தேர்வு எழுதி உரிமம் வாங்கிப் போடலாம் என்று சட்டம் நிறைவேற 2025 செப்டம்பர் வரை ஆனது. ஜப்பானிலும் இதே வழக்கு நடந்து, இது வைத்தியம் இல்லை என்று 2020ல்தான் முடிந்தது. உங்களுக்கு அழகு நிலையம் என்று எழுதிக் கொடுத்தவரை இவ்வளவு தூரத்தில் நின்று பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

நம் ஊரில் டாட்டூவுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. அதனால் ஏதாவது விபரீதம் நடக்கும்போதுதான் உங்கள் தொழில் பேப்பரில் வருகிறது. 2024 டிசம்பரில் திருச்சியில் ஃபேஷனுக்காக நாக்கைப் பிளந்துவிட்ட டாட்டூக் கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது, இரண்டு பேர் கைதானார்கள். அந்த வாரம் உங்கள் கடைக்கு வந்தவர்களும் ஏதாவது கேட்டிருப்பார்களே.

கலைஞர் பட்டம் கேட்கிறீர்கள். நான் தருகிறேன், ஆனால் அதை வைத்துக் கடன் வாங்க முடியாது. நகைக்கு 2021ல் ஹால்மார்க்கைக் கட்டாயமாக்கினார்கள். அந்த முத்திரை தங்கத்தைப் பற்றித்தான் பேசும், பத்தரின் வேலைப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. அதனால் பத்தருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. நானாக இருந்தால் கடையின் சுத்தத்துக்கு அந்த மாதிரி ஒரு முத்திரையைத்தான் முதலில் கேட்பேன். ஏழு நாள் கோர்ஸ்காரனும் அப்போது தானாக அடங்குவான். அவனைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம்.

அந்தப் பெண் விஷயத்தில் நீங்கள் செய்தது சரி. 1872ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டப்படி பதினெட்டு நிறையாதவர் ஒப்பந்தமே செய்ய முடியாது. பாண்டிக் கடையில் அவள் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது வெறும் கிறுக்கல்தான். அந்தப் பணம் உங்களுக்கு வரவில்லை என்பதும் உண்மைதான், அதை நான் சமாதானம் சொல்லி ஆற்ற முடியாது.

பதினெட்டு ஆனவர்களிடமும் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. என் சித்தப்பா பேரன், பாகூரில் இருக்கிறான், பத்தொன்பது வயதில் வலது முன்கையில் பெரிய சிங்கம் போட்டுக்கொண்டான். அருமையான வேலை, பிடரி மயிர் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். மத்திய ஆயுதக் காவல் படைக்கு ஆள் எடுத்தபோது ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தான். மருத்துவப் பரிசோதனையில் கையைப் பார்த்ததும் நிராகரித்துவிட்டார்கள். இடது முன்கையின் உட்பக்கத்திலோ புறங்கையிலோ சின்னதாக இருந்தால் விடுவார்கள். வலது கை சல்யூட் அடிக்கும் கை. லேசரில் அழிக்க ஆரம்பித்தான். ஏழெட்டுத் தடவை போக வேண்டும் என்றார்கள், பாதியிலேயே வயசு வரம்பு தாண்டிவிட்டது. சிங்கம் இப்போது மங்கலாக, நனைந்த பூனை மாதிரி இருக்கிறது. போட்டவர் நல்ல கைக்காரர், சுத்தமானவர், ஊசியை அவன் கண் முன்னால்தான் பிரித்தாராம். “போலீசுக்கு, மிலிட்டரிக்கு ஏதாவது ட்ரை பண்றியா தம்பி?” என்று மட்டும் கேட்கவில்லை. கடலூர் பையன்களில் பாதிப் பேர் விடிகாலையில் எதற்கு ஓடுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். தோலில் படத்தின் அச்சை, அந்த ஸ்டென்சிலை, ஒட்டுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

ஒரு நோட்டும் போடுங்கள். தேதி, இங்க் புட்டியின் பேட்ச் நம்பர், ஊசி கார்ட்ரிட்ஜின் லாட் நம்பர். பேட்ச் நம்பரே இல்லாத மலிவு இங்க் என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஐரோப்பாவில் 2022லிருந்து டாட்டூ இங்க்கில் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு வந்திருக்கிறது. அங்கே விற்க முடியாத சரக்கு எங்காவது போய்த்தானே ஆக வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒருவர் கை தடித்துப்போய் வந்து நின்றால், அந்த நோட்டைத் திறந்து காட்டுகிற கடையைத்தான் நான் மதிப்பேன்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். வேலை முடிந்ததும் அந்த ஊசிகளை எங்கே போடுகிறீர்கள்? ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று குத்தினாலும் துளைக்காத வெள்ளை டப்பா வைத்திருப்பார்கள். நீங்கள் கருப்புக் கவரில் கட்டி வாசலில் வைத்தால், காலையில் குப்பை வண்டியோடு வருகிற அம்மாள் அதைக் கையால்தான் பிரிப்பார். அடுத்த கடிதத்தில் இதை மட்டுமாவது எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா