இருபது மணி நேரம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகன் பி.இ. முடித்துவிட்டு 2026 செப்டம்பரில் பர்மிங்காமில் ஓராண்டு மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறான். கட்டணம் 17,500 பவுண்டு. பாதி கட்டியாயிற்று. மீதி 8,750 பவுண்டை ஜனவரி நடுவுக்குள் கட்ட வேண்டும். “வாரம் இருபது மணி நேரம் வேலை பார்க்க அனுமதி உண்டு, லீவில் முழு நேரம், அதிலேயே கட்டிவிடலாம்” என்கிறார் கன்சல்டன்சிக்காரர். போன வருடம் அங்கே போன சீனியர் ஒருவரோ, உணவு டெலிவரிக்கு இன்னொருவரின் அக்கவுண்ட்டை வார வாடகைக்கு எடுத்து ஓட்டினால் இன்னும் கூடுதலாகப் பார்க்கலாம் என்றிருக்கிறார். கடன் என் பெயரில் இருக்கிறது. இதையெல்லாம் எவ்வளவு நம்பலாம்? அவன் வேலை தேட வேண்டுமென்றால் எப்படித் தேடுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

ஜனவரித் தவணைக்கு அந்த வேலையை நம்பாதீர்கள். கன்சல்டன்சிக்காரர் சொன்ன இருபது மணி நேரம் உண்மைதான். அவர் பெருக்கிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

2026 ஏப்ரல் முதல் பிரிட்டனில் 21 வயது நிறைந்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு. மாணவர்களுக்குக் கிடைக்கிற வேலைகளில் பெரும்பாலானவை இதையோ, இதற்குக் கொஞ்சம் மேலேயோதான் கொடுக்கும். வாரா வாரம் முழு 20 மணி நேரமும் கிடைத்தால் 254 பவுண்டு 20 பென்ஸ். வரியும், நேஷனல் இன்சூரன்ஸ் என்கிற சமூகப் பாதுகாப்புப் பிடித்தமும் போகக் கையில் சுமார் 250. மாதத்துக்கு ஏறத்தாழ 1,085. இதை விசாவுக்காக வங்கியில் காட்டச் சொன்ன தொகையோடு வைத்துப் பாருங்கள்: லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு, லண்டனில் 1,529. ஒரு மாணவர் வாடகை கொடுத்துச் சாப்பிட்டு வாழ இவ்வளவு வேண்டும் என்று விசா தருகிற உள்துறையான ஹோம் ஆபீஸே கணக்கு வைத்திருக்கிறது. டெர்ம் நாட்களில் அவர் குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டப்படி உழைக்கக்கூடிய உச்சம் அதற்கே எட்டவில்லை. அப்புறம் கட்டணத்துக்கு எங்கிருந்து வரும்?

அந்த உச்சமும் முதல் சில மாதங்களில் வராது. செப்டம்பர் கடைசியில் இறங்குகிறவருக்கு வங்கிக் கணக்கு, வீடு, வகுப்பு என்று அக்டோபர் ஓடிவிடும். நவம்பர் நடுவில் வேலை கிடைத்து, ஐந்து வாரம் 14 மணி நேரம் வீதமும், கிறிஸ்துமஸ் விடுமுறையில் மூன்று வாரம் 40 மணி நேரம் வீதமும் உழைத்தால்கூட, ஜனவரி நடுவுக்குள் 2,400 சொச்சம். அதிலேயேதான் அவர் சாப்பிடவும் வேண்டும். சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை என்றால், கணக்கு முடிக்கும் தேதி தாண்டிச் சேர்ந்தவருக்கு முதல் சம்பளம் அடுத்த மாதத்தோடு சேர்ந்துதான் வரும்.

இருபது மணி நேரம் என்பதைப் பலர் சராசரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். போன வாரம் 12 பார்த்தேன், இந்த வாரம் 28 பார்க்கலாம் என்பது செல்லாது. திங்கள் தொடங்கி ஞாயிறு முடிய உள்ள ஒவ்வொரு வாரமும் தனிக்கணக்கு. இரண்டு இடத்தில் வேலை என்றால் இரண்டும் சேர்ந்து 20. சம்பளம் இல்லாத வேலையும் கணக்கில் வரும், வேலைக்குச் சேரும்போது தருகிற பயிற்சி நேரமும் வரும்.

தெரியாமலேயே விதியை மீறுவது பெரும்பாலும் ரோட்டா என்கிற ஷிஃப்ட் பட்டியலில்தான் நடக்கிறது. பல கடைகளில் ரோட்டா வாரம் ஞாயிறு தொடங்கிச் சனி முடியும். ஒரு ரோட்டாவில் வியாழன் 6, வெள்ளி 6, சனி 8 என்று 20 மணி நேரம். அடுத்த ரோட்டாவில் ஞாயிறு 8, திங்கள் 6, செவ்வாய் 6, மறுபடியும் 20. பேஸ்லிப்பில் 20, 20 என்று சுத்தமாக இருக்கும். ஆனால் விசாவின் வாரம் திங்களில் தொடங்குகிறது. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு நான்கையும் கூட்டிப் பாருங்கள், 28. மேலாளருக்கு இது தோன்றாது, அவர் தன் ரோட்டாவைத்தான் பார்ப்பார். ஆகவே மகன் போனிலேயே திங்கள்–ஞாயிறு கணக்கு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளட்டும். “ஒருத்தர் வரல, இன்னும் நாலு மணி நேரம் இருக்க முடியுமா” என்று கேட்கும்போது அதைப் பார்த்துப் பதில் சொல்லட்டும். ஞாயிறு இரவு ஷிஃப்ட்டில் நள்ளிரவுக்குப் பிந்தைய நேரம் அடுத்த வாரத்தில் விழும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

முதியோர் இல்லங்களில் ஆள் தேவை அதிகம், வேலை சீக்கிரம் கிடைக்கும். ஆனால் அங்கே ஷிஃப்ட் பல இடங்களில் 12 மணி நேரம். ஒன்று பார்த்தால் 12, இரண்டு பார்த்தால் 24. இடைவேளையைக் கழித்தாலும் 20க்குள் அடங்காது. அரை ஷிஃப்ட் தருவார்களா என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுவது நல்லது. டிபிஎஸ் என்கிற குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு வேறு இருக்கிறது, அதற்குச் சில வாரம் பிடிக்கலாம்.

“லீவில் முழு நேரம்” என்றாரே, அதிலும் ஒரு பொறி இருக்கிறது. இளநிலை மாணவருக்குக் கோடை மூன்று மாதம் விடுமுறை. ஓராண்டு மாஸ்டர்ஸ் மாணவருக்கு அது விடுமுறை அல்ல, டிசர்ட்டேஷன் என்கிற ஆய்வேட்டை எழுதுகிற காலம், அதாவது டெர்ம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டிலும் 20தான். அவருக்கு முழு நேரம் கிடைப்பது கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகளில், பிறகு படிப்பின் அதிகாரபூர்வ முடிவுத் தேதிக்குப் பின். டிசர்ட்டேஷனை மூன்று வாரம் முன்னாலேயே கொடுத்துவிட்டாலும் அந்தத் தேதி மாறாது. பல்கலைக்கழகம் வெளியிடுகிற டெர்ம் தேதிகளில் தன் படிப்புக்கு உரியதை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேலை கொடுப்பவரும் அதைக் கட்டாயம் கேட்பார். அனுமதியில்லாத ஒருவரை வேலைக்கு வைத்தால் முதல் முறையே ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம், திரும்பவும் பிடிபட்டால் 60,000 வரை. கேள்விமேல் கேள்வி கேட்கிறார்கள் என்று சலித்துக்கொள்ள வேண்டாம், கேட்காத முதலாளிதான் ஆபத்து.

டெலிவரி யோசனையை இன்றைக்கே கைவிடச் சொல்லுங்கள். மாணவர் விசாவில் சுயதொழில் அறவே கூடாது, ஒரு மணி நேரம்கூட. டெலிவரி ஆப்பில் ஓட்டுபவர் யாருக்கும் ஊழியர் அல்ல, சுயதொழில் செய்பவர். சொந்த அக்கவுண்ட்டில் ஓட்டினாலே விதிமீறல், இதில் அடுத்தவர் அக்கவுண்ட் வேறு. அனுமதியின்றி வேலை பார்ப்பது 2016 குடிவரவுச் சட்டப்படி சிறை வரை போகக்கூடிய குற்றம். தெருவில் டெலிவரி வண்டிகளை நிறுத்திச் சோதிப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. ஆப் நிறுவனங்களும் முகச் சரிபார்ப்பை அடிக்கடி கேட்கின்றன. விபத்து என்றால் காப்பீடு கைவிரித்துவிடும், அக்கவுண்ட்டின் சொந்தக்காரர் வாரக் கூலியைத் தராமல் போனாலும் கேட்க வழியில்லை. வெப்சைட் செய்து கொடுப்பது, வீட்டுக்கு வீடு டியூஷன், யூட்யூப் வருமானம், ஊரில் உள்ள வாடிக்கையாளருக்கு அங்கிருந்தபடி ஃப்ரீலான்ஸ், இவையெல்லாமும் சுயதொழில்தான்.

கையில் ரொக்கமாகக் கொடுக்கும் வேலையும் இப்படித்தான். மணிக்கு 7, 8 பவுண்டு தருவார்கள், பேஸ்லிப் இருக்காது. முறையான சம்பளம் என்றால் ஒவ்வொரு முறையும் வரித்துறைக்கு விவரம் போகும். அதற்குப் பயந்தே சிலர் ரொக்கத்தை விரும்புகிறார்கள். அந்த முதலாளி கடைசி மாதம் பணம் தராமல் அனுப்பும்போது, “எங்கே வேண்டுமானாலும் போய்ச் சொல்” என்பார். சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

இனி தேடுவது. முதல் கதவு பல்கலைக்கழகமே. மாணவர் தூதர், நூலகம், தேர்வு மேற்பார்வை, கேன்டீன், மாணவர் சங்கக் கடை என்று உள்ளேயே வேலைகள் உண்டு. விசா விதி அவர்களுக்கு அத்துப்படி, தேர்வு வாரத்தில் ஷிஃப்ட் மாற்றித் தருவார்கள். சேர்க்கை உறுதியானதும் மாணவர் வேலைப் பக்கத்தில் பதிவு செய்துவிட வேண்டும். இடங்கள் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலுமே நிரம்பிவிடும். வெளியே கடைகளும் கிடங்குகளும் கிறிஸ்துமஸுக்கான தற்காலிக ஆட்களைச் செப்டம்பரிலிருந்தே எடுக்கத் தொடங்குகின்றன. ஜனவரியில் அதே கடைகள் நேரத்தைக் குறைக்கும். டிசம்பர் வருமானத்தை வைத்து பிப்ரவரி வாடகையைத் திட்டமிட்டால் இடிக்கும்.

பெரிய கடைகள் ஆன்லைனில்தான் விண்ணப்பம் வாங்கும். “வாடிக்கையாளர் கோபப்பட்டால் என்ன செய்வீர்கள்” என்கிற மாதிரியான கேள்விகளைச் சொடுக்கி அவசரமாக முடிப்பதால்தான் பலர் முதல் கட்டத்திலேயே உதிர்கிறார்கள். சின்னக் கஃபே, ஹோட்டல் என்றால் மதியம் இரண்டரைக்கும் நாலுக்கும் இடையில் சி.வி.யோடு நேரில் போகலாம். சாப்பாட்டு நேரத்தில் போனால் தாள் கல்லாவுக்கு அடியில் போய்விடும். சி.வி. ஒரே பக்கம் போதும். போட்டோ, பிறந்த தேதி, தந்தை பெயர், பத்தாம் வகுப்பு மதிப்பெண் எதுவும் வேண்டாம். பொறியியல் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு வரி. மேலேயே எந்தெந்தக் கிழமை எத்தனை மணியிலிருந்து எத்தனை வரை வர முடியும் என்று எழுதட்டும். மேலாளர் முதலில் தேடுவது அதைத்தான். வெள்ளி மாலை, சனி, ஞாயிறு முடியும் என்பவருக்கே பெரும்பாலும் அழைப்பு வரும். வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் பேச்சையே முடித்துக்கொள்ளலாம், வேலை தேடித் தருவதற்கு ஏஜென்சி கட்டணம் வாங்குவது அங்கே சட்டவிரோதம்.

வேலை கிடைத்ததும் ஷேர் கோட் கேட்பார்கள், வேலை பார்க்க அனுமதி உண்டா என்று முதலாளி ஆன்லைனில் சரிபார்க்கும் குறியீடு அது. இ-விசா கணக்கில் நுழைந்து எடுக்க வேண்டும். வேலைக்கானது டபிள்யூ எழுத்தில் தொடங்கும், 90 நாள் செல்லும். நேஷனல் இன்சூரன்ஸ் எண் கையில் இல்லாவிட்டாலும் வேலையைத் தொடங்கலாம், ஆன்லைனில் இலவசமாக விண்ணப்பித்துவிட்டால் போதும்.

அடுத்து, வேலையில் சேரும்போது வரிக்காக நிரப்பும் தொடக்கப் படிவத்தில்தான் கவனம் வேண்டும். அந்த வரியாண்டில், அதாவது ஏப்ரல் 6க்குப் பிறகு, இதுதான் முதல் வேலை என்றால் ஏ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு ஒரு வேலை நடப்பில் இருக்கிறது என்றால் சி. அவசரத்தில் சி-யைத் தேர்ந்தெடுத்தால் முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் பிடிப்பார்கள், ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வரி இல்லை என்ற சலுகை அந்த வேலைக்கு ஒட்டாது. மாணவர் கடன் உண்டா என்றும் அதில் ஒரு கேள்வி வரும். அது பிரிட்டன் அரசு தன் மாணவர்களுக்குத் தரும் கடனைக் கேட்கிறது. நம் வங்கிக் கடனை நினைத்து ‘ஆம்’ போட்டுவிட்டால், முழு நேரம் உழைக்கிற வாரங்களில் இல்லாத கடனுக்குப் பிடித்தம் விழலாம். 22 வயதாகி வாரம் 192 பவுண்டுக்கு மேல் வந்தால் ஓய்வூதியத் திட்டத்தில் தானாகச் சேர்ப்பார்கள். ஒரு மாதத்துக்குள் வேண்டாம் என்று சொன்னால் பிடித்தது திரும்பி வரும்.

பேஸ்லிப்பில் உள்ள வரிக் குறியீட்டின் கடைசியில் எம்1 அல்லது டபிள்யூ1 என்று இருந்தால் அது தற்காலிகக் குறியீடு. ஒவ்வொரு சம்பளத்தையும் தனியாகப் பார்த்து வரி போடும். கிறிஸ்துமஸ் வாரங்களில் கூடுதலாக வெட்டிவிடும். வரித்துறையின் ஆன்லைன் கணக்கில் விவரத்தைச் சரிசெய்தால் திரும்பக் கிடைக்கும். அக்டோபரில் போய்ச் சேர்ந்தவர் அந்த ஏப்ரலுக்குள் 12,570 தொட வாய்ப்பே குறைவு. விடுமுறைச் சம்பளத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நேரம் மாறி மாறி வருகிறவர்களுக்கு உழைத்த நேரத்தில் 12.07 சதவீதம் விடுப்பாகச் சேரும். சில இடங்களில் சம்பளத்தோடேயே கொடுத்துவிடுவார்கள், சில இடங்களில் கேட்டால்தான் உண்டு.

உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியது வங்கியில் இருக்கிறது. இரண்டாம் தவணையும் சேர்த்தே கடன் அனுமதி ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவன் விமானம் ஏறுவதற்கு முன்பே சேர்த்துக்கொள்ளுங்கள். வங்கிகள் நேரே பல்கலைக்கழகத்துக்கே தவணையாக அனுப்பும், பணம் போய்ச்சேரச் சில வாரம் ஆகலாம், ஆகவே இன்வாய்ஸை நவம்பர் கடைசியிலேயே கேட்டு வாங்க வேண்டும். அப்படியும் தள்ளிப்போகும் என்றால், கெடு முடிந்த பிறகல்ல, டிசம்பர் தொடக்கத்திலேயே மகன் கட்டணப் பிரிவுக்கு எழுதட்டும். கெடுவுக்கு முன் கேட்டவருக்குத் தொகையை இரண்டு மூன்றாகப் பிரித்துத் தருகிற பல்கலைக்கழகங்கள் உண்டு. கெடு தாண்டிப் பேசாமல் இருந்தவருக்குப் பதிவு ரத்தாகலாம், ரத்தானால் அந்தத் தகவல் ஹோம் ஆபீஸுக்குப் போகும், விசாவும் அதோடு போகும்.