ஃப்யூச்சர் பாலிஷ் வெளுத்துவிட்டதா? பெயிண்டை உடனே கழற்றாதீர்கள்

வணக்கம் நண்பரே. 1/72 அளவு (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் மாடல் விமானத்தின் இறக்கையில் ஃப்யூச்சர் தரை பாலிஷ் பூசி, மறுநாள் காலையிலேயே டீகால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னம்) ஒட்டி, அதை இளக்கிப் படிய வைக்கும் சாஃப்டனர் திரவத்தைத் தடவியதும் வட்டச் சின்னத்தைச் சுற்றிப் பால் போல வெளுத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பதறாதீர்கள், பெரும்பாலும் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பாலிஷ் அரை மணியில் தொட்டால் ஒட்டாது, ஆனால் உள்ளே இறுகுவதற்கு இரண்டு நாளாவது பிடிக்கும். அதற்குள் சாஃப்டனர் பட்டால் படலம் இளகி வெளுக்கும்.

இப்போது 48 மணி நேரம் தொடாமல் வையுங்கள். பிறகு அகலமான மென்மையான பிரஷ்ஷில் அதே பாலிஷை மெல்லிசாக ஒரே இழுப்பு இழுங்கள். திரும்பத் திரும்பத் தேய்த்தால் குமிழி கட்டும். எனக்கு இப்படி வந்தபோது, ஈரம் பட்டதுமே வெண்மை மறைந்து அடியிலிருந்த கரும்பச்சை பளிச்சென்று தெரிந்தது, காய்ந்த பிறகும் அப்படியே நின்றது. இறக்கை ஓரத்தில் தேங்கும் சொட்டை டிஷ்யூ நுனியால் உறிஞ்சிவிடுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால்தான் பாலிஷைக் கரைத்து எடுக்க அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர். அதுவும் அடியில் எனாமல் பெயிண்ட் இருந்தால் மட்டும். அக்ரிலிக் என்றால் பெயிண்டும் கூடவே கரைந்து வந்துவிடும். எந்தப் பெயிண்ட் அடித்தீர்கள் என்று சொல்லுங்கள்.