கோடை இடிமழைக்குப் பிறகு துடைப்பத்தைக் கடைசியாக எடுங்கள்

கேள்வி: சென்னையில் கோடையில் திடீரென்று காற்றும் ஆலங்கட்டியுமாக மழை அடித்துவிட்டுப் போனால், வீட்டுத் தோட்டத்தையும் மொட்டை மாடியையும் எப்படிச் சுத்தம் செய்வது?

எங்கள் வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டைப் பக்கம். முன்னால் இரண்டு அறை தளம் போட்டது, பின்னால் சமையலறைக்கும் குளியலறைக்கும் சிமெண்ட் ஷீட். அதையும் தாண்டி ஒரு வேம்பு, ஒரு முருங்கை, சுவரோரம் நாலைந்து செடி. தோட்டம் என்றால் அவ்வளவுதான். ஆனால் அரை மணி நேரக் கோடை மழை போதும், அந்தச் சின்ன இடத்தைப் புரட்டிப் போட்டுவிடும்.

சில வருடங்களுக்கு முன்பு கத்திரி வெயில் சமயம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. புழுதிக் காற்று, அப்புறம் மழை, நடுவில் நாலைந்து நிமிடம் ஆலங்கட்டி. ஷீட் மேல் யாரோ கூடை கூடையாக ஜல்லி கொட்டுவது போலச் சத்தம். மழை விட்டதும் விடாததுமாக அம்மா துடைப்பத்தோடு பின்பக்கம் போய்விட்டார். தரை முழுக்க வேப்பிலை, முருங்கைப் பூ, மூலையில் குவிந்து கரைந்துகொண்டிருந்த ஐஸ். எல்லோரும் தரையையே பார்த்தோம். தலைக்கு மேலே ஒரு முருங்கைக் கிளை பாதி ஒடிந்து, பட்டையில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. காற்று முழுக்க நின்ற பிறகுதான் அது அம்மாவின் தோளில் விழுந்தது. காறை எலும்பில் விரிசல். ஆறு வாரம் கையைத் தொங்கவிட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். மழை விட்டால் துடைப்பத்தைத் தொடாதீர்கள். முதலில் அண்ணாந்து பாருங்கள்.

அதையும் உடனே வெளியே வந்து செய்ய வேண்டாம். இடி இடித்தால் என் பாட்டி 'அர்ச்சுனா, அர்ச்சுனா' என்று சொல்லிக்கொண்டே எங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார். கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே போகாமல் இருப்பதுதான் சரி. மழை விட்ட பிறகும் மின்னல் விழும். குழந்தைகள் ஆலங்கட்டி பொறுக்க ஓடுவார்கள். ஒரு பாத்திரத்தைத் தாழ்வாரத்து ஓரம் நீட்டிப் பிடித்துக் கொடுங்கள், ஆசை தீரட்டும்.

அண்ணாந்து பார்க்கும்போது கிளை மட்டும் இல்லை, வயரும் பாருங்கள். அறுந்து தொங்குவது கேபிள் டிவி வயர் மாதிரித்தான் தெரியும். ஆனால் அது எங்காவது மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். எந்த வயரையும் குச்சியால்கூடத் தள்ளாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லுங்கள். மரம் தெருவில் விழுந்தால் மாநகராட்சிக்கு 1913. நம் தெருக்களில் இருக்கும் மின்சாரப் பெட்டியைச் சுற்றித் தண்ணீர் நின்றால் அந்தப் பக்கம் நடக்கவே வேண்டாம். இன்னொன்று, துணி காயப்போட இரும்புக் கம்பி கட்டியிருந்தால் இன்றைக்கே கழற்றி நைலான் கயிறு கட்டுங்கள். மழை ஈரத்தில் எங்கோ கசியும் மின்சாரம் அந்தக் கம்பியில் ஏறி, துணி எடுக்கப் போனவர்கள் உயிரையே விட்டிருக்கிறார்கள்.

மேலே ஆபத்து இல்லை என்று உறுதியானதும் மொட்டை மாடிக்குப் போங்கள். அங்கேயும் பெருக்கும் வேலை பிறகுதான். முதலில் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் அடைத்திருக்கும் இலையைக் கையால் அள்ளுங்கள். வேப்பம்பூவும் சருகும் சேர்ந்து பஞ்சு மாதிரி அடைத்துக்கொள்ளும். இரவு இன்னொரு மழை வந்தால் தளத்தில் தண்ணீர் கட்டி, விடிவதற்குள் கூரையில் கசிந்துவிடும். மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைப் பக்கத்துக் காற்று படும் வீடுகளில் கோடையின் முதல் மழை மாடியைக் கறுப்பாகக் கழுவிக்கொண்டு வரும். அத்தனை மாதம் படிந்த தூசியும் கரியும் அது. மழைநீர் சேகரிப்புக் குழாய் கிணற்றுக்கோ தொட்டிக்கோ போனால் முதல் மழைத் தண்ணீரை வெளியே திருப்பி விடுங்கள். இரண்டாவது மழையிலிருந்து பிடிக்கலாம்.

அடுத்தது சிமெண்ட் ஷீட். வடசென்னையில் இது இல்லாத தெரு இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சென்னைக்கு மேலே கோடையில் சுமார் 5 கிலோமீட்டர் உயரம் போனால்தான் தண்ணீர் உறையும் குளிர் வரும். ஏறுகாற்று வலுவாக இருந்தால் மழைத்துளியை அந்த உயரத்துக்கும் மேலே தூக்கிப்போய் ஐஸாக்கிவிடும். சின்னக் கட்டிகள் வரும் வழியிலேயே கீழே இருக்கும் சூடான காற்றில் கரைந்துவிடும். அதனால்தான் இங்கே ஆலங்கட்டி அபூர்வம். தரைவரை வந்து சேர்வது கோலிக்குண்டு அளவு என்றால்கூட, வெயிலில் காய்ந்த பழைய ஷீட் தாங்காது. ஆணி அடித்த துளையைச் சுற்றித்தான் முதலில் விரிசல் விடும். உள்ளே விளக்கை அணைத்துவிட்டுப் பகலில் அண்ணாந்து பார்த்தால் வெளிச்சக் கோடாகத் தெரியும்.

அந்த ஷீட் மேல் கால் வைத்து ஏறவே ஏறாதீர்கள். உடைந்து கீழே விழுந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் குறுக்குச் சட்டத்தின் மேல் நீளப் பலகை போட்டு, கீழே ஒரு ஆள் ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாம் சிமெண்ட் ஷீட் என்று சொல்வது பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தது. அதன் நார் நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்து வியாதியாக வரும். உடைந்த துண்டுகளை உலர்ந்தபடி பெருக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, முகமூடி போட்டு, கையால் பொறுக்கி, கனமான பையில் கட்டுங்கள். தூள் கிடந்தால் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியையும் அதே பையில் போட்டுவிடுங்கள்.

பக்கத்து வீட்டு அண்ணன் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அதனால் கோடை மழை சமயத்தில் வீட்டில்தான் இருப்பார். அம்மாவுக்கு அடிபட்ட மறுநாள் ஒரு பழைய வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "தார்ப்பாயை மட்டும் போட்டா காத்து தூக்கினு போயிடும் தம்பி, மேல வலையைப் போடு" என்று சொல்லி, நாலு மூலையிலும் மணல் மூட்டை தொங்கவிட்டு, இழுக்க இழுக்க இறுகும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். புது ஷீட் மாற்றும்வரை மூன்று மழைக்கு அது அசையவில்லை. மீதி வலையைக் கீரைப் பாத்தி மேல் கழி நட்டுக் கட்டியிருக்கிறேன். காக்காவுக்கும் ஆச்சு, ஆலங்கட்டிக்கும் ஆச்சு.

செடிகளைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஒடிந்த தண்டை மட்டும் கூரான கத்தியால் சாய்வாக வெட்டுங்கள். கிழிந்த இலையை ஒரு வாரம் விட்டுவிடுங்கள், பாதி இலையாக இருந்தாலும் செடிக்கு அதுதான் சோறு. உடனே உரம் போடாதீர்கள்.

இப்போது துடைப்பத்தை எடுக்கலாம். பெருக்கும்போதே கொட்டாங்குச்சி, உடைந்த வாளி, தொட்டி அடியில் வைத்த தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். டெங்குக் கொசுவுக்கு ஒரு கை அளவு நல்ல தண்ணீரும் ஒரு வாரமும் போதும். சருகை எரிக்காதீர்கள், ஏற்கெனவே நம் பக்கம் சுவாசிக்கும் காற்று போதுமான அளவு கெட்டிருக்கிறது. மூலையில் குவித்துக் கொஞ்சம் மண் தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில மாதத்தில் எருவாகிவிடும்.

அடுத்த முறைக்கு ஒரு அடையாளம் சொல்கிறேன். சாயங்காலம் கடற்காற்று சட்டென்று நின்று, மேற்கிலிருந்து மண்வாசனையோடு குளிர்ந்த காற்று வந்தால், திருவள்ளூர்ப் பக்கம் பெய்யும் மழையின் குளிர் தரையோடு பரவி நம்மை எட்டிவிட்டது என்று அர்த்தம். கால் மணி நேரம்கூட இருக்காது. மாடியில் காயும் வடகம், பூந்தொட்டி, வெறும் டிரம் எல்லாவற்றையும் அதற்குள் இறக்கிவிடுங்கள்.

அன்று ஒடிந்த கிளையின் முருங்கைக் கீரை நாலு வீட்டுக்குப் போனது. அம்மா மேல் விழுந்த கிளையையே போத்தாக வெட்டி, வயர் போகாத பக்கம், சுவரிலிருந்து ஆறடி தள்ளி நட்டேன். கைக்கு எட்டாத உயரம் போகும் கிளையைப் பங்குனியிலேயே கழித்துவிடுகிறோம்.